லத்தீனில் பேசிய பினாங்கு

1852ஆம் ஆண்டில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபைகள் இரண்டு பள்ளிகளைத் தொடங்கின. ஒன்று, லா சால் சகோதரர்களின் செயின்ட் சேவியர் பள்ளி; பின்னாளில் ஃபார்க்குவார் தெருவில் நிலைபெற்றது. மற்றொன்று, குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் நடத்தி, பின்னாளில் லைட் தெருவுக்குப் போன கான்வென்ட். இரண்டு சபைகளும் பிரான்சில் பிறந்தவை. ஆனால் பினாங்கில் இரண்டும் பேர் வாங்கியது ஆங்கிலக் கல்விக்காக. அதே ஆண்டில், ஊரின் வடமேற்கே புலாவ் தீக்குஸில், பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய இன்னொரு நிறுவனமும் இருந்தது. 'காலேஜ் ஜெனரல்' என்ற அந்தக் குருமடத்தில் பாடமும் பேச்சும் லத்தீனில் நடந்தன. அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த வியட்நாமியப் பையன் ஒருவன் பிற்காலத்தில் தன் நாட்டின் முதல் பெரிய மொழிபெயர்ப்பாளன் ஆனான். பிரெஞ்சில் நூல்கள் எழுதினான். தாய்மொழி உரைநடைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவனாக இன்று எண்ணப்படுகிறான். அவன் நடந்த அதே ஊரில் தமிழர்கள் நிறையவே இருந்தார்கள். படகுத்துறையில், சூலியா தெருக் கடைகளில், நீதிமன்றத்தில், கோயிலில், பள்ளிவாசலில், தேவாலயத்தில் எங்கும் தமிழ் கேட்டது. அந்தத் தமிழிலிருந்து பிரெஞ்சை நேரே தொடும் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஏன் எழவில்லை? மொழிப்புலமைக் குறைவுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சான்றுகள் வேறொரு பக்கம் கை காட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர் என்ற பிழைப்பு உருவாக மொழி தெரிந்தால் மட்டும் போதாது. அவர் எழுதித் தருவதைக் காசு கொடுத்தோ அதிகாரம் கொடுத்தோ வாங்கிக்கொள்ள யாரேனும் காத்திருக்க வேண்டும். வியட்நாமியருக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். தமிழருக்கு வாய்த்தவர் வேறு சரக்கைக் கேட்டார்.

முதலில் அந்தக் குருமடத்தின் கதை. அதில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை 1665இல் சயாமின் அயுத்தயாவில் இதைத் தொடங்கியது. ஆசியாவின் பல நாட்டு இளைஞர்களைக் குருக்களாக்கி அவரவர் நாட்டுக்கே திருப்பி அனுப்புவது நோக்கம். பர்மியப் படையெடுப்பால் அயுத்தயா அழிந்தபோது கல்லூரி கம்போடியக் கரையோரம் ஹோன் தாத்துக்கு ஓடியது. அங்கும் தாக்குதல். அங்கிருந்து 1770இல் அது வந்து சேர்ந்த இடம் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய வீராம்பட்டினம். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சீன, வியட்நாமிய, சயாமிய மாணவர்கள் ஒரு தமிழ் மீனவ ஊரின் ஓரத்தில் லத்தீன் இலக்கணம் படித்தார்கள். கல்லூரியின் தலைவர் பிஞ்ஞோ தெ பெஹேன், தம்மோடு வந்த வியட்நாமியரின் துணைகொண்டு வியட்நாமிய-லத்தீன் அகராதி ஒன்றை அங்கே தொகுத்து 1773இல் முடித்தார். மறு ஆண்டு மயிலாப்பூர் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, கிழக்கே கப்பலேறினார். பிற்காலத்தில் வியட்நாம் அரசுரிமைப் போரில் அவர் புகுந்த கதை தனி. இங்கே நமக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துப்படிதான். கல்லூரி 1780களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1807-08 வாக்கில், மக்காவிலிருந்து சில சீன மாணவர்களோடு வந்த லொலிவியே பாதிரியார் அதைப் பினாங்கில் மறுபடி திறந்தார். பினாங்கு அப்போது ஆங்கிலேயக் கம்பெனியின் துறைமுகம். பிரான்சோடு ஆங்கிலேயர் போரில் இருந்த காலம் அது. அப்படியிருந்தும் பிரெஞ்சுப் பாதிரிமாரை அந்தத் தீவு ஏற்றுக்கொண்டது. மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வருபவர்களுக்கு வேறு எந்த இடத்தையும்விட அது பாதுகாப்பாக இருந்தது.

தப்பி வந்தவர்களுள் ஒருவர் தபேர் என்ற ஆயர். 1833இல் வியட்நாமில் மின் மாங் அரசரின் கிறிஸ்தவத் தடை கடுமையானபோது அவர் சயாம் வழியாகப் பினாங்கு வந்தார். வீராம்பட்டினத்துக் கையெழுத்துப்படி அவரிடம் இருந்தது. அதைத் திருத்தி விரிவாக்கி, லத்தீன்-வியட்நாமியப் பகுதியையும் சேர்த்து, 1838இல் வங்காளத்தின் செராம்பூர் அச்சகத்தில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பாப்டிஸ்டு புராட்டஸ்டண்டுகளின் அச்சகத்தில் ஒரு கத்தோலிக்க ஆயரின் நூல்! அச்சுக்கலைக்கு மதம் கிடையாது போலும். இந்த வேலையில் தபேருக்குக் கைகொடுத்தவர் ஃபான் வான் மின். மெக்கோங் கழிமுகத்தில் காய் மோன் என்ற ஊரைச் சேர்ந்த பினாங்கு மாணவர். பின்னர் குருவாகி நாடு திரும்பி, 1853இல் கொல்லப்பட்டு, 1988இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருச்சபை அவரை மறைசாட்சியாக நினைவில் வைத்திருக்கிறது. அகராதி வரலாறு அவரை உடனுழைப்பாளராகக்கூட அதிகம் பேசுவதில்லை. ஆக, வியட்நாமியச் சொற்களை ரோமன் எழுத்தில் அடுக்கி லத்தீனில் பொருள் சொன்ன ஒரு நூல் புதுச்சேரி அருகே பிறந்து, பினாங்கில் தங்கி, வங்காளத்தில் அச்சேறியது. பின்னால் வந்த ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளனும் இந்த அகராதி மேல்தான் நின்றான்.

அவர்களில் பெரியவர் துரொங் வின் கீ. 1837இல் பிறந்தவர், சொந்த ஊர் அதே காய் மோன். ஞானஸ்நானப் பெயரால் பெத்ருஸ் கீ என்று அறியப்பட்டார். கம்போடியாவில் சிறிது காலம் படித்து, 1850களின் தொடக்கத்தில் பினாங்கு வந்து, தாய் இறந்த செய்தியோடு 1858இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டில்தான் பிரெஞ்சுக் கப்பற்படை வியட்நாமைத் தாக்கியது. 1860இல் அவர் பிரெஞ்சுத் தளபதிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். 1863இல் இழந்த மூன்று மாகாணங்களை மீட்டுக்கேட்க ஃபான் தான் ஜான் தலைமையில் வியட்நாமியத் தூதுக்குழு பாரிஸ் போனபோது, இடையில் நின்று பேசியவர்களில் இந்த இருபத்தைந்து வயது இளைஞரும் ஒருவர். 1866இல் நாட்டுக்கதைகளை ரோமன் எழுத்து வியட்நாமியத்தில், அதாவது குவொக் ஙு என்ற எழுத்தில், எளிய உரைநடையாக வெளியிட்டார். 1869இல் 'ஜியா தின் பாவ்' என்ற அரசு இதழ் அவர் கைக்கு வந்தது. 1875இல் நுயென் தூவின் 'கியூ' காவியத்தைச் சீன வடிவ எழுத்திலிருந்து குவொக் ஙுவுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டுகளில் வியட்நாம் வரலாற்றைப் பிரெஞ்சில் இரண்டு பாகங்களாக எழுதினார். 1883இல் வியட்நாமிய இலக்கணத்தைப் பிரெஞ்சில் எழுதினார். மறு ஆண்டு ஒரு பிரெஞ்சு-வியட்நாமிய அகராதி. கன்பூசிய மரபின் 'நான்கு நூல்கள்' எனப்படும் சீன நூல்களிலிருந்தும் மொழிபெயர்த்தார். அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் பாவுலுஸ் குவா. அவரும் பினாங்கில் படித்தவர். 1895-96இல் வியட்நாமியச் சொல்லுக்கு வியட்நாமியத்திலேயே பொருள் தரும் பெரிய அகராதியைத் தந்தவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கீ பிறவி மேதை. பினாங்கு இல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் ஆகியிருப்பார் என்பார்கள். அதற்கு ஒத்தாசையாக ஒரு கதையும் உண்டு. கல்லூரித் தோட்டத்தில் ஒரு பாதிரியாருக்கு வந்த பிரெஞ்சுக் கடிதம் கீயின் கையில் கிடைத்ததாம். பிரெஞ்சு கற்றிராத மாணவர் லத்தீன் வேர்களை வைத்தே அதைப் படித்துப் பொருள் சொன்னாராம். கதை நடந்ததோ இல்லையோ, அது மேதைமையைவிடக் கல்லூரியின் முறையைத்தான் காட்டுகிறது. அங்கே சீனனும் சயாமியனும் வியட்நாமியனும் பர்மியனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எவனுக்கும் மற்றவனின் மொழி தெரியாது. லத்தீனில் பேசினால்தான் சோறு கேட்க முடியும், சண்டை போட முடியும். இப்படிச் சிறு வயதிலிருந்து நாள் முழுக்க மனத்துக்குள் மொழிமாற்றிக்கொண்டே இருந்தவனுக்கு லத்தீனின் மகளான பிரெஞ்சு எட்டாத தூரத்தில் இல்லை. கீ ஒருவர் மட்டும் வந்திருந்தால் மேதைமை என்று விட்டுவிடலாம். மின், கீ, குவா என்று ஒரே பள்ளி, ஒரே சீமை, இரண்டு தலைமுறை என்று வரும்போது அது ஒரு பட்டறையின் வேலை.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. கீ மொழிபெயர்த்த இலக்கியம் பெரும்பாலும் சீனத்திலிருந்தும் பழைய வியட்நாமியத்திலிருந்தும்தானே. அவரைப் பிரெஞ்சு இலக்கிய மொழிபெயர்ப்பாளர் என்று எப்படிச் சொல்வது? உண்மைதான். பிரெஞ்சு அவருக்கு எழுதிய மொழி, உத்தியோகத்தின் மொழி. பிரெஞ்சு இலக்கியத்தை நேரே எடுத்துத் தந்தவர் அவருடைய மாணவர், துரொங் மின் கீ. 1884இல் லா ஃபோன்தேனின் நீதிக்கதைகளையும், சில ஆண்டுகளில் ஃபெனெலோனின் 'தெலெமாக்'கையும் குவொக் ஙுவில் வெளியிட்டார். ஆனால் இந்த இரண்டாவது தலைமுறைக்கு எழுத்து, உரைநடை, இதழ், வாசகர் நான்கையும் தயார் செய்து வைத்தவர் முதலாமவர். அதற்கான செலவை ஏற்றது சைகோனின் காலனி அரசு. கிராமத் தலைவர்களுக்கு அரசு இதழ் போய்ச் சேர்ந்தது. 1878இல் போட்ட ஆணைப்படி 1882 முதல் அரசுக் காகிதங்கள் குவொக் ஙுவிலேயே இருக்க வேண்டும் என்றானது. சீன எழுத்தின் பிடியிலிருந்து நாட்டை விலக்கித் தன் பக்கம் இழுக்க பிரெஞ்சு அரசுக்கு இந்த எழுத்து தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மாதச் சம்பளமும் அச்சு இயந்திரமும் ஆனது.

அப்படியானால் தமிழ்? பிரெஞ்சுத் தொடர்பில் தமிழர் வியட்நாமியருக்கு முன்னோடிகள். வீராம்பட்டினத்தில் லத்தீன் ஒலித்த காலத்தை ஒட்டி, சில கல் தொலைவில், புதுச்சேரி ஆட்சிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் மரிதாஸ் பிள்ளை தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் ஆக்கினார். அது 1788இல் ஃபூஷே தோப்சோன்வில் பதிப்பாகப் பாரிஸில் வெளிவந்தது. இந்தியப் புராணம் ஒன்றை ஐரோப்பா கண்ட தொடக்க நூல்களில் அது ஒன்று. 1848இல் ஏரியேல் திருக்குறளின் சில பகுதிகளையும், 1867இல் லமெரேஸ் இன்னும் விரிவாகவும் பிரெஞ்சில் தந்தார்கள். அகராதிக்கும் குறைவில்லை. பினாங்குக் கல்லூரியை நடத்திய அதே மறைபரப்புச் சபையின் முசே, துபுய் என்ற இரு பாதிரிமார் 1855க்கும் 1862க்கும் இடையில் தமிழ்-பிரெஞ்சுப் பேரகராதியைப் புதுச்சேரி மிஷன் அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார்கள். இன்றும் அதைத் தாண்டிப் போவது கடினம். ஆக மொழி இருந்தது, அகராதி இருந்தது, அச்சும் இருந்தது. ஆனால் திசையைப் பாருங்கள். பாகவதமும் குறளும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போயின. வாங்குபவர் பாரிஸில் இருந்தார். அவருக்குக் கிழக்கைப் பற்றிய ஆவல். ரசீனையோ வோல்டேரையோ தமிழில் கேட்பவர் புதுச்சேரியில் இல்லை. பிரெஞ்சு படித்த தமிழர் பிரெஞ்சிலேயே படித்துக்கொண்டார். படிக்காதவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. தமிழுக்கென்று ஒரு பழைய எழுத்தும் பெரிய இலக்கியமும் முன்பே இருந்ததால், எழுத்தையே மாற்றி மக்களைத் தன் பக்கம் இழுக்கும் வேலையைக் காலனி அரசு இங்கே தொடவே இல்லை. தமிழின் பழமை இந்த ஒரு காரியத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளருக்கு உதவாமல் போயிற்று என்றுகூடச் சொல்லலாம்.

பினாங்கில் வாங்குபவர் வேறு. நீரிணைக் குடியேற்றங்களின் நீதிமன்றமும் சுங்கமும் வணிகக் கிடங்கும் கேட்டது தமிழ்-ஆங்கிலத் துவிபாஷிகளை. பிரெஞ்சுச் சகோதரர்களும் கன்னியர்களும் ஆங்கிலப் பள்ளி நடத்தியதற்குக் காரணம் இதுதான். பெற்றோர் பிள்ளையைக் குமாஸ்தாவாக்க விரும்பினார்கள். பினாங்கு சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தைப் பிரெஞ்சுக் குருக்களே நடத்தினார்கள். ஆனால் அங்கே தமிழ் கற்றது குருதான். பிரெஞ்சு கற்க வேண்டிய கட்டாயம் மக்களுக்கு இல்லை. பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றத்தை வளர்த்த ஃபே பாதிரியாரும் அப்படித்தான். தமிழ்ப் பணியில் தேர்ந்து பின்னர் 1896இல் மலாக்கா ஆயரானார். மொழியின் பாரம் முழுவதும் ஒரு பக்கத்துத் தோளில். எந்தப் பக்கத்தில் அதிகாரம் இருந்தாலும், கற்கும் கட்டாயம் யாருக்கு என்பதைப் பொறுத்தே மொழிபெயர்ப்பாளர் எந்தக் கூட்டத்திலிருந்து பிறப்பார் என்பது முடிவாகிறது. சைகோனில் வியட்நாமியர் கற்றார்கள். பினாங்கில் பாதிரியார் கற்றார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பினாங்கிலேயே உண்டு. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். அவர் தமிழாக்கிய நாவல் 'உமறு பாஷா யுத்த சரித்திரம்'. கிரிமியப் போரில் துருக்கியத் தளபதியாக இருந்த உமர் பாஷாவைப் பற்றி ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய கதை அது. கடல் கடந்து வாழும் தமிழ் முஸ்லிம் வாசகருக்கு ஒட்டோமான் வீரன் கதை வேண்டியிருந்தது. நாவலர் அதைத் தந்தார். வாங்குபவரைச் சரியாக அறிந்த மொழிபெயர்ப்பாளர். இதில் பிரெஞ்சு எங்கே வந்தது என்றால், ரெய்னால்ட்ஸ் மூலமாகத்தான். அவர் இளமையில் பாரிஸில் வாழ்ந்து பத்திரிகை நடத்தியவர். விக்டர் ஹ்யூகோவின் கவிதைத் தொகுப்பு ஒன்றையும், மரண தண்டனைக் கைதியின் கடைசி நாளைப் பற்றிய அவரது சிறு நாவலையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன லண்டன் மர்மக் கதைத்தொடர் யூஜீன் சூவின் பாரிஸ் மர்மங்களைப் பார்த்துச் செய்தது. ஆக பிரெஞ்சு நாவலின் விறுவிறுப்பு லண்டனில் ஒரு மடை மாறி, பினாங்குத் தமிழுக்குப் பாய்ந்தது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸைத் தழுவித் தழுவித் தமிழ்நாட்டில் ஒரு பெரும் வாசகர் கூட்டத்தையே உண்டாக்கினார். ஆங்கிலம் தமிழருக்குப் பிரெஞ்சின் மேல் போட்ட திரையாகவும், பிரெஞ்சுக்குப் போகும் கதவாகவும் ஒரே சமயத்தில் இருந்தது.

ஆங்கிலம் வழியே வந்தால் என்ன குறை என்று கேட்கலாம். இலக்கியத் தரம் பற்றிய கேள்வியென்றால், பெரிய குறை ஒன்றுமில்லை. க.நா.சு. ரோஜர் மார்த்தன் து கார் எழுதிய நாவலை ஆங்கிலம் வழியாகவே 'தபால்காரன்' ஆக்கினார். நேரடி மொழிபெயர்ப்புகள் பலவற்றைவிட அது உயிரோடு நிற்கிறது. இங்கே பேசுவது தரத்தை அன்று, தொழிலை. ஆங்கிலம் வழியே போனவர்களுக்குப் பிரெஞ்சு ஒரு வாழ்க்கையாக ஆகவில்லை. ரஷ்யம், நார்வே, பிரெஞ்சு எல்லாம் அவர்களுக்கு ஒரே கடையில் கிடைத்த பண்டம். ஒரு மொழியையே கட்டிக்கொண்டு முப்பது நாற்பது ஆண்டுகள் உழைப்பவருக்குத்தான் அதன் வழக்கும் கிண்டலும் மௌனமும் பிடிபடும். அப்படி ஒருவரை வைத்துக் காப்பாற்ற ஆதரவு வேண்டும். பிரெஞ்சறிந்த சுத்தானந்த பாரதி புதுச்சேரி ஆசிரமத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஹ்யூகோவின் பெருநாவலை அவர் 'ஏழை படும் பாடு' என்று தந்ததும், அது 1950இல் பட்சிராஜா தயாரிப்பில் நாகையா நடித்த படமானதும் நமக்குத் தெரியும். அவரைத் தாங்கியது ஆசிரம வாழ்வு. மொழிபெயர்ப்பு அவருடைய ஆயிரம் வேலைகளில் ஒன்று.

ஆதரவு என்றால் அதற்கு விலையும் உண்டு என்ற மறுப்பை ஒதுக்க முடியாது. பெத்ருஸ் கீயை அந்நியனுக்குத் துணைபோனவர் என்று அவர் நாட்டில் ஒரு நூற்றாண்டாக விவாதிக்கிறார்கள். 1886இல் பிரெஞ்சு ரெசிடென்ட் ஜெனரல் போல் பேர், அவரை ஹுவேயில் இருந்த வியட்நாமிய அரசவைக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் போல் பேர் இறந்ததும் இவருடைய செல்வாக்கும் போயிற்று. 1888இல் சொந்தக் காசில் ஒரு மாத இதழ் தொடங்கினார். அரசு உதவி இல்லாத அது மறு ஆண்டே நின்றது. கடனோடு 1898இல் இறந்தார். இது என் வாதத்துக்கு எதிரான சான்றாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குபவர் ஒரே ஒருவர், அதுவும் அரசு என்றால், அவர் முகம் திருப்பிய அன்றே பட்டறை மூடும். 1880களில் சைகோனில் காசு கொடுத்து இதழ் வாங்கும் வாசகர் கூட்டம் இன்னும் உருவாகவில்லை. சில பத்தாண்டுகள் கழித்து வடக்கே ஹனோயில் நுயென் வான் வின் ஹ்யூகோவையும் மோலியேரையும் துயுமாவையும் வியட்நாமியத்தில் வெளியிட்டபோது, கீ எழுதப் பழக்கிய எழுத்தைப் படிக்கும் மக்கள் இருந்தார்கள்.

தமிழில் அந்த நிலை வர 1980 ஆயிற்று. அந்த ஆண்டில் க்ரியா பதிப்பகம் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' நாவலை வெளியிட்டது. மறு ஆண்டு மதனகல்யாணியோடு சேர்ந்து அவர் செய்த 'குட்டி இளவரசன்' வந்தது. பிறகு சார்த்தர், யூர்ஸ்னார், ழாக் ப்ரெவெர், காம்யுவின் கடைசி நாவல் என்று ஒரே மொழியோடு நின்று ஒரு வாழ்நாள் வேலை தொடர்ந்தது. பிரெஞ்சு அரசின் செவாலியே விருதும் அவருக்குக் கிடைத்தது. இதில் அரசு உதவி உண்டு, ஆனால் அது ஒரு பக்கம் மட்டுமே. க்ரியா ராமகிருஷ்ணன் என்ற பதிப்பாளர் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பார்க்கும் பிடிவாதம் கொண்டிருந்தார். சிறுபத்திரிகை வாசகர் கூட்டம் ஒன்று, சில ஆயிரம் பேர்தான் என்றாலும், நவீன ஐரோப்பிய நாவலுக்காகக் காத்திருந்தது. காம்யு 'அந்நியன்' நாவலை வெளியிட்டது 1942இல்; தமிழ் 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மலாயாவின் தோட்டத் தமிழரை அருகிருந்து பார்த்து ஃபோக்கோனியே எழுதிய பிரெஞ்சு நாவலுக்கு 1930இல் கொன்கூர் பரிசு கிடைத்ததும், மறு ஆண்டே லண்டன் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டது. அங்கே வாங்க ஆள் இருந்தார்கள்.